ஆன்லைன்ல கரெஸ்பாண்டென்ஸ் செஸ்: கேம் ஸ்க்ரீன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளிட்ஸும் ரேபிடும் (நிமிஷக் கணக்குல முடியிற வேகமான ஆட்டங்கள்) ஆடிப் பழகினவங்க கரெஸ்பாண்டென்ஸ் பக்கம் வந்ததும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை இங்க ஒரே இடத்துல சேத்து வெச்சிருக்கேன். நான் பல வருஷமா அதிகம் ஆடுறது இதைத்தான். செஸ் தெரியாம தோத்த கேம்களை விட, ஸ்க்ரீனை சரியா பாக்காம தோத்த கேம்கள் தான் எனக்கு ரொம்ப வலிச்சிருக்கு, மூணு நாள் யோசிச்ச மூவ் ஒரு அவசர கிளிக்ல வீணாப் போறது இந்த ஆட்டத்துல மட்டும் தான் நடக்கும். அதனால பதில்கள்ல ஸ்க்ரீன் பத்தி கொஞ்சம் அதிகமாவே பேசியிருப்பேன்.

கரெஸ்பாண்டென்ஸ் செஸ்னா என்ன, சாதா ஆன்லைன் செஸ்ஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ரூல்ஸ் எல்லாம் அதே தான், டைம் மட்டும் தான் வேற. ஒவ்வொரு மூவுக்கும் நாள் கணக்குல டைம் இருக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆன்லைன்ல இருக்க வேண்டாம், நீங்க மூவ் போட்டுட்டு உங்க வேலையை பாக்கலாம், எதிராளி அவருக்கு முடியும்போது வந்து போடுவார். முன்னாடி இதை தபால் அட்டைல ஆடினாங்க. லண்டன் கிளப்பும் எடின்பரோ கிளப்பும் 1824-ல ஆரம்பிச்ச மேட்ச் 1828-ல தான் முடிஞ்சது, எடின்பரோ ஜெயிச்சது, ஸ்காட்ச் கேம்ங்கிற ஓப்பனிங்குக்கு அந்தப் பேர் வந்ததே அந்த மேட்ச்னால தான். செஸ்.காம்ல இதுக்கு டெய்லின்னு பேரு, லிசெஸ்ல கரெஸ்பாண்டென்ஸ்னே இருக்கும்.

ஒரு மூவுக்கு 3 நாள்னா, மொத்த கேமுக்கு 3 நாளா?

இல்ல. நீங்க மூவ் போட்டதும் உங்க கடிகாரம் நின்னுடும், அவர் மூவ் போட்டதும் உங்களுக்கு மறுபடி முழுசா 3 நாள் கிடைக்கும். மிச்சம் பிடிச்ச நேரம் சேராது, அஞ்சு நிமிஷத்துல போட்டாலும் அடுத்த மூவுக்கு அதே 3 நாள் தான். ரெண்டு பேரும் முழு நேரத்தையும் எடுத்துக்கிட்டா 40 மூவ் கேம் 240 நாள் ஓடும்னு கணக்கு வருது, 14 நாள் செட்டிங்ல இது 1,120 நாள், அதாவது மூணு வருஷத்துக்கும் மேல. நடைமுறையில அவ்வளவு ஆகாது, ஆனா ஆரம்பிக்கும்போது இதை மனசுல வெச்சுக்கோங்க.

ஐசிசிஎஃப்னு சொல்ற சர்வதேச கரெஸ்பாண்டென்ஸ் செஸ் ஃபெடரேஷன்ல (1951-ல தொடங்கினது) வழக்கமான முறை வேற, 10 மூவுக்கு 50 நாள்னு மொத்தமா கொடுப்பாங்க, அதுல மிச்சம் பிடிச்சா சேரும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எத்தனை நாள் செட்டிங் சரியா இருக்கும்?

3 நாள். 1 நாள்னா ஒரு பயணம், ஒரு காய்ச்சல், அவ்வளவு தான், டைம் அவுட். 7 நாள், 14 நாள்னா அடுத்த மூவ் வர்றதுக்குள்ள நீங்க என்ன பிளான் பண்ணினீங்கன்னே மறந்துடும்.

1 நாளுக்கு ஒரு மூவ்ங்கிற வேகத்துலயும் பெரிய ஆட்டங்கள் நடந்திருக்கு, அதையும் சொல்லணும். 1999-ல உலக சாம்பியனா இருந்த காஸ்பரோவ் ஒரு பக்கம், எம்எஸ்என் தளத்துல ஓட்டு போட்ட உலகம் முழுக்க உள்ள ஆளுங்க இன்னொரு பக்கம், ஒவ்வொரு மூவுக்கும் 24 மணி நேரம், 62 மூவ் ஓடி நாலு மாசத்துக்கு அப்புறம் காஸ்பரோவ் ஜெயிச்சார். 2025-ல கார்ல்சன் இதே மாதிரி செஸ்.காம்ல உலகத்தை எதிர்த்து ஃப்ரீஸ்டைல் செஸ் (பின் வரிசைக் காய்களை மாத்தி அடுக்கி ஆடுறது) ஆடினார், 1,43,000 பேருக்கு மேல எதிர்ல இருந்தாங்க, டிரா ஆச்சு. அந்த 1999 கேமை எடுத்துப் பாருங்க, டைம் இருந்தா சாதாரண ஆளுங்களும் சேந்து யோசிச்சு எவ்வளவு தூரம் போக முடியும்னு தெரியும்.

கேம் ஸ்க்ரீனைத் திறந்ததும் முதல்ல எதைப் பாக்கணும்?

போர்டுக்கு முன்னாடி கடைசி மூவைப் பாருங்க. எல்லா தளத்துலயும் கடைசியா காய் நகர்ந்த ரெண்டு கட்டம் வேற கலர்ல இருக்கும். அவர் எங்கிருந்து எங்க வந்தார், அந்தக் காய் முன்னாடி எதைக் காவல் காத்துட்டு இருந்தது, இப்ப எதை விட்டுட்டு வந்திருக்கு, இதை பாத்துட்டு தான் மத்ததெல்லாம். நேரடி ஆட்டத்துல அவர் கை நகர்றதை கண்ணால பாக்குறோம், இங்க பாக்குறதில்ல, ரெண்டு நாள் கழிச்சு திறக்கும்போது போர்டு புதுசா யாரோ வெச்ச மாதிரி இருக்கும், அந்த கலர் கட்டம் ஒண்ணு தான் நடுவுல என்ன நடந்ததுன்னு சொல்லும்.

ஆன் பாசான் விஷயத்துல இது இன்னும் முக்கியம். சிப்பாய் ரெண்டு கட்டம் தாண்டி வந்ததும் உடனே அடுத்த மூவுல வெட்டினா தான் உண்டு. கலர் கட்டத்தை பாக்காதவங்க அந்த வாய்ப்பு இருக்கிறதே தெரியாம வேற மூவ் போட்டுடுவாங்க.

அப்புறம் மூவ் லிஸ்ட்ல நீங்க கடைசி மூவுல தான் நிக்கிறீங்களான்னு பாருங்க. பழைய மூவை கிளிக் பண்ணிப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டா, போர்டுல தெரியிறது பழைய பொசிஷனா இருக்கும், அதுல உக்காந்து அரை மணி நேரம் யோசிச்சவங்க உண்டு. கடைசி மூவுக்குப் போற அம்புக்குறி பட்டனை ஒரு தடவை அமுக்குற பழக்கம் வெச்சுக்கோங்க.

மூவ் கன்ஃபர்ம் ஆப்ஷனை ஆன் பண்ணணுமா? ரெண்டு தடவை கிளிக் பண்றது தொல்லையா இருக்கு.

கண்டிப்பா ஆன் பண்ணுங்க. இது மட்டும் விவாதமே இல்லாத விஷயம்னு நான் நினைக்கிறேன். காயை வெச்சதும் மூவ் போயிடாது, டிக் மார்க்கோ சப்மிட் பட்டனோ வரும், அதை அமுக்கினா தான் போகும். அந்த இடைவெளில காய் புது இடத்துல நிக்கிறதை கண்ணால பாக்குறீங்க, மனசுல பாத்த பொசிஷனும் கண்ணால பாக்குற பொசிஷனும் ஒண்ணு இல்ல, "ஐயோ அந்த யானையை மறந்துட்டேனே"ன்னு தோணுற நேரம் பெரும்பாலும் அது தான். ஃபோன்ல ஆடுறவங்களுக்கு ரெண்டு மடங்கு அவசியம், விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்தா திரும்ப எடுக்க முடியாது.

அதே மாதிரி, காயை இழுத்துட்டுப் போறதை விட, காயைத் தொட்டு அப்புறம் கட்டத்தைத் தொடுறது பாதுகாப்பு. சிப்பாய் கடைசி கட்டத்துக்குப் போனா தானா ராணி ஆகுற செட்டிங்கையும் எடுத்துடுங்க, குதிரையோ யானையோ தேவைப்படுற பொசிஷன் அபூர்வம் தான், ஆனா நாள் கணக்குல டைம் இருக்கிற ஆட்டத்துல அந்த ஒரு செகண்டை மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறோம்.

அனாலிசிஸ் போர்டுல காயை நகர்த்திப் பாக்குறது சீட்டிங் இல்லையா?

இல்ல, இங்க அது முழுசா அனுமதி. நேரடி ஆட்டத்துல காயைத் தொட்டா ஆடணும்ங்கிற ரூல் இருக்கு, கரெஸ்பாண்டென்ஸ்ல தபால் காலத்துல இருந்தே தனியா ஒரு போர்டு வெச்சு நகர்த்திப் பாத்து தான் ஆடினாங்க. தளங்கள் அதையே ஸ்க்ரீனுக்குள்ள கொடுத்திருக்கு. லிசெஸ்ல ஓடிட்டு இருக்கிற கேமுக்கு அனாலிசிஸ் போர்டை திறந்தா எஞ்சின் (நல்ல மூவைக் கணக்கு போட்டுச் சொல்ற புரோகிராம்) வேலை செய்யாது, வெறும் போர்டு தான், அது தான் சரி.

ஆனா அதை எப்படி பயன்படுத்துறதுங்கிறதுல தான் விஷயம் இருக்கு. பலர் முதல்ல தோணுற மூவை போட்டு, அவர் பக்கத்துக்கு தனக்கு வசதியான பதிலைப் போட்டு, அப்படியே பத்து மூவ் போயிட்டு "சூப்பர், ஜெயிக்கிறேன்"னு திரும்பி வர்றாங்க. நான் பண்றது என்னன்னா, போர்டைத் திருப்பி வெச்சு அவர் பக்கத்துல இருந்து பாப்பேன். நான் இந்த மூவ் போட்டா அவர் இடத்துல நான் என்ன ஆடுவேன், எனக்கு எரிச்சல் வர்ற மாதிரி எது, அதைத் தான் முதல்ல நகர்த்திப் பாப்பேன். வெட்டு, செக், மிரட்டல் மூணையும் அவர் பக்கம் தேடி முடிச்சுட்டு தான் என் ஆசைக்கு வருவேன். ஒவ்வொரு கிளையோட முடிவுலயும் நின்னு காய்களை எண்ணிப் பாக்கணும், யாருக்கு எத்தனை சிப்பாய், யார் ராஜா திறந்து கிடக்கு, இதை எண்ணாம "நல்லா இருக்கு"ன்னு விட்டதெல்லாம் நல்லா இருந்ததே இல்ல.

அனாலிசிஸ் பண்ணி வெச்சதை எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது?

நோட்ஸ். கேம் ஸ்க்ரீன்ல நோட்ஸ்னு ஒரு பெட்டி இருக்கும், நீங்க எழுதுறது உங்களுக்கு மட்டும் தான் தெரியும். பெரும்பாலானவங்க அதைத் தொடுறதே இல்ல, என்னைக் கேட்டா கரெஸ்பாண்டென்ஸ் ஸ்க்ரீன்லயே ரொம்ப மதிப்பான இடம் அது தான்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். அவரோட பிஷப் ஜி4-ல நின்னு என் எஃப்3 குதிரையை ராணியோட சேத்து பின் (pin) பண்ணிட்டு இருந்தது, அதாவது குதிரை நகர்ந்தா பின்னாடி இருக்கிற ராணி போயிடும். நான் யோசிச்சு வெச்ச வரிசை: முதல்ல எச்3 ஆடி பிஷப்பை மிரட்டணும், அவர் குதிரையை வெட்டினா ராணியால திருப்பி வெட்டணும், அதுக்கப்புறம் ஈ5 தள்ளணும். நல்ல பிளான். ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வந்தேன், மனசுல "ஈ5 தான் ஐடியா"ங்கிறது மட்டும் தங்கியிருந்தது, நேரா ஈ5 போட்டுட்டேன். அவர் டி6 சிப்பாயால வெட்டினார், குதிரையால திருப்பி வெட்டினா என் ராணி போகும், பின் இன்னும் இருக்கே. ஒரு சிப்பாய் போச்சு, அந்த எண்ட்கேம்ல அந்த ஒரு சிப்பாயே போதுமா இருந்தது அவருக்கு. யோசனைல தப்பில்ல, வரிசை தான் தப்பு. அன்னிலருந்து நான் அடுத்த மூவை நோட்ஸ்ல முதல் வரியா எழுதுறேன்: "முதல்ல எச்3. ஈ5 பின் விடுபட்ட பிறகு மட்டும்." இவ்வளவு தான், கதை எழுத வேண்டாம். அடுத்த மூவ் என்ன, ஏன், எதுக்குப் பயப்படணும், மூணு வரி.

அம்புக்குறி வரையிறது (ரைட் கிளிக் பண்ணி இழுக்கிறது) அந்த நேரத்து யோசனைக்கு உதவும், ஆனா போர்டைத் தொட்டா அழிஞ்சுடும், அதை நம்பி விட்டுட்டுப் போகாதீங்க.

கண்டிஷனல் மூவ்னா என்ன? போடலாமா?

"அவர் இதை ஆடினா நான் இதை ஆடுறேன்"னு முன்கூட்டியே தளத்துக்கிட்ட சொல்லி வைக்கிறது. அவர் சரியா அந்த மூவை ஆடினா உங்க பதில் உடனே போகும், வேற ஆடினா அந்த வரிசை ரத்தாகி வழக்கம் போல உங்களுக்கு டைம் ஓடும். நீங்க வெச்சிருக்கிறது அவருக்குத் தெரியாது. லிசெஸ்ல அனாலிசிஸ் போர்டுல மூவ்களை நகர்த்திட்டு அந்த வரிசையை கண்டிஷனலா சேக்கலாம், செஸ்.காம் டெய்லிலயும் இந்த வசதி உண்டு.

எப்ப போடலாம்: அவர் என் காயை வெட்டினா நான் திருப்பி வெட்டுறதைத் தவிர வேற வழியே இல்லங்கிற இடத்துல. ரெண்டு பேருக்கும் ஒரு நாள் மிச்சம். ஓப்பனிங்ல ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச வரிசையா இருந்தாலும் போடலாம்.

எப்ப போடக்கூடாது: மத்த எல்லா இடத்துலயும்னு தான் சொல்லுவேன். நாலு மூவ் நீளத்துக்கு கண்டிஷனல் போட்டு வெச்சா, மூணாவது மூவ் வர்றப்போ உங்களுக்கு இன்னும் நல்ல மூவ் ஒண்ணு இருந்திருக்கும், ஆனா அது தானா போயிருக்கும். யோசிக்கிறதுக்குத்தானே நாள் கணக்குல டைம் வாங்கினோம், அதை நாமளே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

தபால் காலத்துல இருந்து சொல்லிட்டு வர்ற ஒரு கதை இருக்கு. வெள்ளை டி4, கறுப்பு ஜி6 ஆடிட்டு, நேரத்தை மிச்சம் பண்ண "நீ எதை ஆடினாலும் என் பதில் பிஷப் ஜி7"னு அட்டைல எழுதி அனுப்பிட்டார். வெள்ளை என்ன பண்ணினார், பிஷப்பை எச்6-க்குக் கொண்டு போய் வெச்சார். ஒப்புக்கிட்டபடி கறுப்பு பிஷப் ஜி7-க்கு வந்தாகணும், வெள்ளை அதை வெட்டினார், மூலைல யானையும் மாட்டிக்கிச்சு. இப்போ தளங்கள்ல குறிப்பிட்ட மூவுக்கு மட்டும் தான் கண்டிஷன் வைக்க முடியும்ங்கிறதால அப்படியே நடக்காது, ஆனா "இங்க எதுவா இருந்தாலும் இதைத்தான் ஆடுவேன்"ங்கிற மனநிலை இன்னும் அதே அளவு ஆபத்து.

ஓப்பனிங் புத்தகம், டேட்டாபேஸ், ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் பாக்கலாமா?

லிசெஸ், செஸ்.காம் ரெண்டுலயும் கரெஸ்பாண்டென்ஸ்ல ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரும் (முன்னாடி ஆடின கேம்கள்ல எந்த மூவ் எவ்வளவு ஜெயிச்சதுன்னு காட்டுறது) புத்தகமும் அனுமதி. இது இந்த ஆட்டத்தோட பெரிய பரிசு, ஓப்பனிங் கத்துக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது, ஏன்னா பாத்த உடனே நிஜ கேம்ல ஆடிப் பாக்குறீங்க.

ஆனா பர்சென்டேஜ் பாத்து ஆடாதீங்க. எக்ஸ்ப்ளோரர்ல மாஸ்டர்ஸ் கேம்கள் ஒரு பக்கம், தளத்துல எல்லாரும் ஆடின கேம்கள் ஒரு பக்கம்னு இருக்கும், ரெண்டாவதுல 3 நிமிஷ பிளிட்ஸும் சேந்திருக்கும். பிளிட்ஸ்ல நிறைய ஜெயிக்கிற மூவ் பல நேரம் ஒரு பொறி தான், மூணு நாள் டைம் இருக்கிறவர் அதுல விழ மாட்டார். மாஸ்டர்ஸ் பக்கத்துல ரெண்டு கேமை முழுசா ஓட்டிப் பாருங்க, அந்த பொசிஷன்ல காய்கள் கடைசில எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. புத்தகம் முடியிற இடத்துல உங்களுக்கு ஒரு பிளான் இருக்கணும், இல்லைன்னா 12 மூவ் கரெக்டா ஆடி 13-வதுல முழிக்கிற நிலைமை தான்.

எஞ்சின் யூஸ் பண்ணலாமா? "கரெஸ்பாண்டென்ஸ்ல எஞ்சின் ஓகே"ன்னு ஒருத்தர் சொன்னாரே?

அவர் சொன்னது ஐசிசிஎஃப் பத்தி. அங்க எஞ்சின் அனுமதி, ரெண்டு பக்கமும் எஞ்சின் வெச்சு மாசக்கணக்குல ஆராய்ச்சி பண்ணி ஆடுறாங்க, அதனால உயர் மட்டத்துல பெரும்பாலான கேம் டிரா தான் ஆகுது. அது ஒரு தனி கலை, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

லிசெஸ்லயும் செஸ்.காம்லயும் எஞ்சின் கூடவே கூடாது. நாள் கணக்குல டைம் இருக்கு, யாரும் பாக்கலைங்கிறது ரூலை மாத்தாது. ஓடிட்டு இருக்கிற கேமை வேற ஆப்ல போட்டு "சும்மா ஒரு தடவை" மதிப்பீடு பாக்குறதும் எஞ்சின் தான். பலமான நண்பர்கிட்ட "இங்க என்ன ஆடலாம்"னு கேக்குறதும் தப்பு தான், கேம் உங்களோடது.

தெரியாம மாட்டுற இடமும் உண்டு. நீங்க ஆடிட்டு இருக்கிற அதே ஓப்பனிங் பத்தி படிக்க வேற தளத்துல போர்டைத் திறப்பீங்க, ஓரத்துல எஞ்சின் மதிப்பெண் தானா ஓடிட்டு இருக்கும். திறக்கும்போதே அதை ஆஃப் பண்ணுங்க. எண்ட்கேம் டேபிள்பேஸும் (கொஞ்சம் காய் மட்டும் மிச்சமிருக்கிற பொசிஷன்களுக்கு சரியான முடிவைச் சொல்ற டேட்டாபேஸ்) அப்படித்தான், ஐசிசிஎஃப்ல அனுமதி இருக்குங்கிறதை வெச்சு எல்லா இடத்துலயும் இருக்கும்னு நினைக்காதீங்க, ஆடுற தளத்தோட ஃபேர் பிளே பக்கத்தை ஒரு தடவை படிச்சுட்டு ஆரம்பிங்க.

நான் ஏன் இதுல இவ்வளவு அழுத்தமா பேசுறேன்னா, கரெஸ்பாண்டென்ஸ் ஆட வர்றதே நம்ம சொந்த யோசனை எவ்வளவு ஆழம் போகும்னு பாக்கத்தான். ஹான்ஸ் பெர்லினர் 1965-68 உலக கரெஸ்பாண்டென்ஸ் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சப்போ உதவிக்கு எஞ்சின்னு ஒண்ணு கிடையாது, எஸ்ட்ரின்ங்கிற எதிராளி கூட அவர் ஆடின டூ நைட்ஸ் டிஃபென்ஸ் ஓப்பனிங் கேமை இப்பவும் எடுத்துப் பாக்கலாம், ஒரு மனுஷன் தனியா உக்காந்து அவ்வளவு தூரம் பாத்திருக்கார். எஞ்சின் ஓட விட்டா நமக்கு அந்த சந்தோஷம் துளியும் கிடைக்காது.

ஒரே நேரத்துல எத்தனை கேம் ஆடலாம்?

எஸ்டோனியா கிராண்ட்மாஸ்டர் பால் கெரஸ் சின்ன வயசுல ஒரே நேரத்துல 150 கரெஸ்பாண்டென்ஸ் கேம் வரைக்கும் ஆடினார்னு சொல்லுவாங்க. அவர் கெரஸ். நமக்கு 4, 5 போதும்.

கேம் ஆரம்பிக்கும்போது ஈசியா இருக்கும், 20 கேம்ல ஓப்பனிங் மூவ் போடுறது ஒரு வேலையே இல்ல. ஒரு மாசம் கழிச்சு 20-உம் ஒரே நேரத்துல சிக்கலான மிடில்கேமுக்கு வந்து நிக்கும், அப்போ தான் தெரியும். டைம் கம்மியா இருக்கிற கேமை முதல்ல காட்டுற லிஸ்ட்ல இருந்து ஒண்ணு ஒண்ணா தீத்துட்டே போவீங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷம், அது பிளிட்ஸ் தான், பேர் மட்டும் கரெஸ்பாண்டென்ஸ். டோர்னமெண்ட்ல சேரும்போது ஒரே நாள்ல நாலஞ்சு கேம் மொத்தமா ஆரம்பிக்கும், சேர்றதுக்கு முன்னாடி கைல இருக்கிறதை எண்ணிக்கோங்க.

இன்னொண்ணு, மூவ் போட்டதும் சில தளங்கள் தானா அடுத்த கேமுக்குக் கூட்டிட்டுப் போகும். கவனிக்காம முந்தின கேமோட யோசனைலயே இங்க மூவ் போடுற அபாயம் இருக்கு. அந்த செட்டிங்கை எடுத்துட்டு, லிஸ்டுக்குத் திரும்பி வந்து நீங்களே அடுத்த கேமைத் திறக்கிறது நல்லது.

அவர் மூவ் வந்ததும் உடனே போடலாமா, காத்திருக்கணுமா?

திருப்பி வெட்டுற மாதிரி கட்டாய மூவ்னா உடனே போடுங்க. மத்தபடி எனக்கு ஒரே பழக்கம், இன்னிக்கு பாப்பேன், நாளைக்கு போடுவேன். இன்னிக்கு நல்லா தெரிஞ்ச மூவ் நாளைக்கும் நல்லா தெரிஞ்சா போடலாம். ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஃபோன்ல போடுற மூவ் வேண்டவே வேண்டாம்.

டைம் அவுட் ஆயிட்டா என்ன ஆகும்? ஊருக்குப் போறேன், கேமை நிறுத்தி வைக்க முடியுமா?

டைம் முடிஞ்சா தோல்வி தான், எவ்வளவு நல்ல பொசிஷனா இருந்தாலும். எதிர்ல வெறும் ராஜா மட்டும் இருந்தா டிரா ஆகும். கடிகாரம் சர்வர்ல ஓடுது, நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் மிச்ச நேரம் ஒண்ணு தான்.

சில தளங்கள்ல வெகேஷன் வசதி உண்டு, செஸ்.காம்ல இருக்கு, அதை ஆன் பண்ணினா கடிகாரம் நிக்கும். அது இல்லாத இடத்துல, கிளம்புறதுக்கு முன்னாடி எல்லா கேம்லயும் மூவ் போட்டுட்டுப் போனா முழு டைம்ல இருந்து ஆரம்பிக்கும். நோட்டிஃபிகேஷனை மட்டும் நம்பாதீங்க, ஃபோன் அதை அமுக்கிடும், தினமும் ஒரு தடவை நீங்களே திறந்து பாருங்க.

டிரா கேக்குறது எப்படி? மூணு தடவை ஒரே பொசிஷன் வந்தா தானா டிரா ஆகுமா?

தளத்தைப் பொறுத்தது. செஸ்.காம்ல மூணாவது தடவை வந்ததுமே தானா டிரா. லிசெஸ்ல நீங்க கிளெய்ம் பண்ணணும், அஞ்சாவது தடவைன்னா தானா முடியும். தொடர்ந்து மூணு தடவை வரணும்னு இல்ல, நடுவுல வேற மூவ் போயிருக்கலாம், ஆனா அதே ஆளோட முறையா இருக்கணும், கேஸ்லிங், ஆன் பாசான் உரிமைகளும் அதே மாதிரி இருக்கணும். கரெஸ்பாண்டென்ஸ்ல முதல் தடவை வந்த பொசிஷன் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வந்ததா இருக்கும், கண்ணுக்கு ஞாபகம் இருக்காது, மூவ் லிஸ்ட்ல பின்னாடி போய்ப் பாருங்க. தோக்குற பொசிஷன்ல இருக்கிறவங்களுக்கு இது உயிர் காக்கும், ஜெயிக்கிற பொசிஷன்ல இருக்கிறவங்க தெரியாம டிராவுக்குள்ள நடந்து போறதும் இதுல தான்.

சிப்பாய் நகராம, எதையும் வெட்டாம ரெண்டு பேரும் 50 மூவ் ஆடினாலும் டிரா உண்டு.

டிரா ஆஃபரை ஒரு தடவை கேட்டு அவர் மறுத்தா விட்டுடுங்க. மூவுக்கு மூவ் கேக்குறது மரியாதை இல்ல.

கரெஸ்பாண்டென்ஸ் ரேட்டிங் ஏன் பிளிட்ஸ் ரேட்டிங்ல இருந்து இவ்வளவு வித்தியாசமா இருக்கு?

தனித்தனி கணக்கு, தனித்தனி ஆட்கள், ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அளக்க முடியாது. லிசெஸ்ல 1500-ல ஆரம்பிக்கும், பக்கத்துல கேள்விக்குறி இருக்கும், கொஞ்சம் கேம் முடிஞ்சு கணக்கு உறுதியானதும் அது போயிடும். கேம் முடியவே மாசக்கணக்கு ஆகுறதால ரேட்டிங் மெதுவா தான் நகரும், முதல் ஆறு மாசம் அந்த நம்பரைப் பாக்காம இருந்தாலே நல்லது.

பழைய ஐசிசிஎஃப் கேம்ல 5254-னு எழுதியிருக்கே, அது என்ன?

மொழி தெரியாதவங்களுக்கும் புரியணும்னு வெச்ச நம்பர் முறை. ஏ முதல் எச் வரைக்கும் உள்ள வரிசைகளுக்கு 1 முதல் 8. ஈ2-ல இருந்து ஈ4-ன்னா 52-ல இருந்து 54, அதான் 5254. வெள்ளை ராஜா பக்கம் கேஸ்லிங் பண்ணினா 5171, ராஜாவோட நகர்வை மட்டும் எழுதினா போதும். ஸ்க்ரீன்லயும் அப்படித்தான், கேஸ்லிங்க்கு ராஜாவை ரெண்டு கட்டம் நகர்த்துங்க, யானை தானா வரும்.

எதிராளி ஒரு மூவ்ல மேட் ஆகுற பொசிஷன்ல மூவே போடாம இருக்கார். என்ன பண்றது?

ஒண்ணும் பண்ண வேண்டாம். அவர் டைம், அவர் உரிமை. சாட்ல "ரிசைன் பண்ணுங்க"ன்னு எழுதாதீங்க. நிஜமாவே அவருக்கு உடம்பு சரியில்லாம இருக்கலாம், எனக்கு ஒரு தடவை அப்படி நடந்து, ரெண்டாவது நாள் கடைசி மணி நேரத்துல வந்து மூவ் போட்டு, மன்னிப்பும் கேட்டு, மேட்டையும் வாங்கிட்டுப் போனார், இன்னிக்கு வரைக்கும் அவர் கூட ஆடிட்டு இருக்கேன்.

கேம் முடிஞ்சதும் என்ன பண்ணணும்?

இப்ப எஞ்சினைப் போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க நோட்ஸை முதல்ல இருந்து படிங்க. எந்த மூவுல நீங்க பயந்தீங்க, எந்த மூவுல நிச்சயமா இருந்தீங்கன்னு உங்க கையெழுத்துலயே இருக்கும், அப்புறம் எஞ்சின் சொல்றதை பக்கத்துல வெச்சுப் பாருங்க. நீங்க நிச்சயமா இருந்து தப்பா இருந்த இடம் தான் முக்கியம், அதை தனியா குறிச்சு வைங்க. என்னோட பழைய ஒரு கேம்ல 17-வது மூவுக்கு "இதுல எந்த ஆபத்தும் இல்ல"ன்னு எழுதியிருந்தேன், எஞ்சின் அந்த மூவுல தான் கேம் கைல இருந்து போச்சுன்னு காட்டுச்சு, அவர் பக்கம் ஒரு சின்ன குதிரை மூவ், பின்னாடி எட்டாவது வரிசைக்குத் திரும்பிப் போற மூவ். நான் முன்னாடி வர்ற மூவ்களை மட்டும் தான் தேடியிருந்தேன். இப்ப என் நோட்ஸ்ல நாலாவது வரி ஒண்ணு சேந்திருக்கு: அவர் காய் எதாவது பின்னாடி போகுமா?